ஒரு டிரம்பெட், இரண்டு டேப் மெஷின், ஒரு காளை அரங்கம்: ‘தி லோன்லி புல்’ பிறந்த வழியில் ஐந்து நாள்

நாள் 1, வெள்ளி: பாயில் ஹைட்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ்

1962இல் பாடல் வரி ஒன்றுகூட இல்லாத ஓர் இசைத்தட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 6ஆம் இடம் வரை ஏறியது. பெயர் ‘தி லோன்லி புல்’, தனிமைக் காளை. தட்டின் நடுக் காகிதத்தில் ‘தி திஹுவானா பிராஸ் ஃபீச்சரிங் ஹெர்ப் ஆல்பர்ட்’ என்று அச்சடித்திருந்தார்கள். திஹுவானா பிராஸ் என்று ஒரு குழு அப்போது எங்கேயும் கிடையாது. கேட்கிற டிரம்பெட்டெல்லாம் ஆல்பர்ட் ஒருவரே மேலுக்கு மேல் வாசித்துப் பதிந்தவை. கேட்டவர்கள் மெக்சிகோவிலிருந்து மரியாச்சிக் கோஷ்டி (வயலின், கிதார் வகைகள், டிரம்பெட் சேர்ந்த அந்நாட்டு நாட்டுப்புறக் குழு) வந்து வாசித்துவிட்டுப் போனதாக நினைத்துக்கொண்டார்கள்.

தட்டில் கேட்கும் சத்தம் ஒவ்வொன்றையும் அதனதன் ஊரில் போய்க் கேட்பதற்காகப் போட்ட வழி இது: லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டு நாள், எல்லையைத் தாண்டி மெக்சிகோவின் திஹுவானாவில் இரண்டு நாள், கடைசி நாள் குவாதலஹாரா. மரியாச்சியின் சொந்த ஊரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. முதலில் அங்கே போய்விட்டு வந்தால் மற்ற இடங்களில் காது சண்டை போடும்.

யூனியன் ஸ்டேஷனில் ஏ லைன் ரயில் ஏறி, அடுத்த நிறுத்தமான லிட்டில் டோக்கியோவில் இறங்கி, கிழக்கே போகும் ஈ லைனுக்கு மாற வேண்டும். அங்கிருந்து இரண்டாவது நிறுத்தம் ‘மரியாச்சி பிளாசா’. பழைய வழிகாட்டிகளில் ‘கோல்ட் லைன்’ என்று இருக்கும். 2023 ஜூனில் தடங்களைப் பிரித்து இணைத்துவிட்டார்கள். தங்க நிறத்தைத் தேடிக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்க வேண்டாம்.

நிலையத்திலிருந்து படியேறி வந்தாலே சதுக்கம்தான். நடுவில் இருக்கும் கல் மண்டபம், குவாதலஹாராவைத் தலைநகராகக் கொண்ட மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலம் 1998இல் கொடுத்த அன்பளிப்பு. ராஞ்செரா என்ற மெக்சிகோ நாட்டுப்புறப் பாட்டுக்குப் பேர்போன பாடகி லூச்சா ரெயெஸுக்கு இங்கே ஒரு சிலை உண்டு. எதிரில் நிற்கும் செங்கல் கட்டடம் 1889இல் கட்டிய பாயில் ஹோட்டல். வாடகைக்குத் தங்கிய கலைஞர்களால் ‘மரியாச்சி ஹோட்டல்’ என்றே பெயராகிவிட்டது. வெள்ளி, சனி பிற்பகலில் வெள்ளிப் பொத்தான் வரிசை வைத்த இறுக்கமான கால்சட்டையோடு, வாத்தியப் பெட்டியைக் காலருகில் வைத்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். கல்யாணம், பிறந்தநாள், சாவு வீடு எதற்கும் இங்கே வந்து பேசி அழைத்துப் போகலாம். நம் ஊரில் பேண்டு செட்டுக்கும் மேளக்காரர்களுக்கும் முன்பணம் கொடுக்கப் போகிற தெரு போலத்தான்.

அழைப்பதாக இருந்தால் மூன்று விஷயத்தை முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும்: எத்தனை பேர், எத்தனை மணி நேரம், நேரக் கணக்கு வந்து சேர்ந்ததிலிருந்தா வாசிக்க ஆரம்பித்ததிலிருந்தா. மிகச் சிறிய கோஷ்டி நாலு பேர்: டிரம்பெட், வயலின், விஹுவேலா (சிறிய கிதார்), கிதாரோன் (அடிச்சுரம் தரும் பெரிய கிதார்). செலவைக் குறைக்க மூன்று பேர் போதும் என்று யாராவது சொன்னால் அடிபடுவது பெரும்பாலும் கிதாரோன்தான். அது போனால் அடிச்சுரம் இல்லை. மிச்சமிருப்பது காற்றில் தொங்கும். குறைத்தே ஆக வேண்டுமென்றால் டிரம்பெட்டை விட்டுவிடலாம். மரியாச்சியில் டிரம்பெட் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி.

டிரம்பெட்டுக்காரரின் கதையை இந்த ஊரிலிருந்து தொடங்கக் காரணம், ஹெர்ப் ஆல்பர்ட் 1935 மார்ச் 31 அன்று பிறந்தது இதே பாயில் ஹைட்ஸில். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். அப்போது இந்தப் பேட்டையில் யூதர்கள் அதிகம். பிரீட் தெருவில் 1923இல் கட்டிய பெரிய தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது, சதுக்கத்திலிருந்து நடந்தே போகலாம். மெக்சிகோக்காரர்கள், ஜப்பானியர்கள், யூதர்கள் எல்லாரும் ஒரே தெருவில் இருந்த காலம். குடும்பம் பிறகு ஃபேர்ஃபேக்ஸ் பக்கம் போய்விட்டது. பையன் எட்டு வயதில் டிரம்பெட் எடுத்தான். மரியாச்சி சத்தம் சின்ன வயதிலேயே ரத்தத்தில் ஊறிவிட்டது என்றெல்லாம் எழுத ஆசையாக இருக்கும். அவர் சொல்கிற கதையில் பொறி தட்டியது ஒரு காளைச் சண்டையில். அது ஞாயிற்றுக்கிழமைக்கு.

நாள் 2, சனி: ஹாலிவுட்

இன்று பார்க்க வேண்டிய கட்டடம் ஒன்றுதான். மெட்ரோ பி லைனில் ஹாலிவுட்/ஹைலண்ட் நிலையத்தில் இறங்கி மேற்கே லா பிரேயா அவென்யூ வரை நடந்து, தெற்கே திரும்பி சன்செட் புலவாரைத் தாண்டினால் 1416, நார்த் லா பிரேயா. மொத்தம் இருபது நிமிட நடை. சார்லி சாப்ளின் 1917இல் இங்கிலாந்துக் கிராம வீடுகள் போல வரிசையாகக் கட்டிய ஸ்டூடியோ. ஆல்பர்ட்டும் கூட்டாளி ஜெர்ரி மாஸும் 1966இல் இதை வாங்கி ஏ அண்ட் எம் ரெக்கார்ட்ஸின் தலைமையகமாக்கினார்கள். ‘வி ஆர் தி வேர்ல்ட்’ 1985 ஜனவரி 28 இரவு பதிவானது இங்கேதான். 2000இல் மப்பெட் பொம்மைகளுக்குப் பேர்போன ஜிம் ஹென்சன் கம்பெனி வாங்கியபோது, கெர்மிட் என்ற தவளைப் பொம்மைக்குச் சாப்ளின் வேஷம் போட்டு வாசல் மேல் நிறுத்தினார்கள். உள்ளே விடமாட்டார்கள். எதிர்ச் சாரி நடைபாதையிலிருந்து படம் எடுக்கக் காலை வெளிச்சம் உதவாது. மாலை நாலு மணிக்கு மேல் முகப்பில் வெயில் விழும்.

இந்தக் கட்டடம் வெற்றியில் வாங்கியது. தட்டு பிறந்தது இதிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஆல்பர்ட் வீட்டுக் கார் ஷெட்டில். அது குடியிருப்புத் தெரு; பார்க்க ஒன்றும் இல்லை, அங்கே போய் யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம். போவதற்குப் பதிலாக அங்கே நடந்த வேலையைப் பார்ப்போம். தட்டின் உயிர் அதில் இருக்கிறது.

1962இல் இருவரும் ஆளுக்கு 100 டாலர் போட்டு, கை குலுக்கி ஆரம்பித்த கம்பெனி. முதலில் வைத்த பெயர் கார்னிவல். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கம்பெனி இருந்ததால் இரண்டு பேருடைய பெயரின் முதலெழுத்தை வைத்து ஏ அண்ட் எம் ஆனது. ஆல்பர்ட்டிடம் அதற்கு முன்பே ஒரு மெட்டு இருந்தது: சோல் லேக் என்ற பியானோக்காரர் எழுதிய ‘ட்விங்கிள் ஸ்டார்’. ஷெட்டில் இரண்டு டேப் மெஷினை வைத்துக்கொண்டு அந்த மெட்டின் மேல் டிரம்பெட்டை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். லெஸ் பால் என்ற அமெரிக்கக் கிதார் கலைஞர் தன் கிதாரைத் தானே அடுக்கி ஒரு கூட்டமே வாசிப்பது போலக் காட்டியிருந்தார். அதை டிரம்பெட்டில் செய்தால் என்ன என்பதுதான் ஆல்பர்ட்டின் கேள்வி.

வேலை இப்படி நடக்கும். மெஷின் ஒன்றில் முதல் டிரம்பெட்டைப் பதிய வேண்டும். அதை ஓடவிட்டு, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இரண்டாவது தடவை வாசிக்க வேண்டும். ஓடுகிற டேப்பும் புதிதாக வாசிப்பதும் மிக்ஸரில் ஒன்றாகி மெஷின் இரண்டில் பதியும். மூன்றாவது வேண்டுமா? இரண்டாவது மெஷினை ஓடவிட்டு முதலாவதில் பதிய வேண்டும். ஒருமுறை கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. முதல் டிரம்பெட் சத்தம் கூடிவிட்டது என்று மூன்றாவது சுற்றில் தெரிந்தால் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்துதான் வாசிக்க வேண்டும்.

கெட்டுப்போகிற இடங்கள் பல. முதலாவது இரைச்சல். ஒரு பிரதி எடுத்தால் டேப்பின் ‘ஸ்ஸ்’ 3 டெசிபெல் கூடும், இன்னொன்று எடுத்தால் மூலத்தைவிட 4.8 டெசிபெல். கூடவே ஒவ்வொரு பிரதியிலும் கீச்சுச் சுரங்களின் கூர்மை மழுங்கும். அதனால் மழுங்கினாலும் பாதகமில்லாததை (பேஸ், தாளம்) முதலில் பதிந்து, மினுங்க வேண்டிய டிரம்பெட்டைக் கடைசியில் வைப்பார்கள். டேப் நொடிக்கு 38 செ.மீ. ஓட வேண்டும், 19இல் ஓட்டினால் மிச்சமாகும் டேப்புக்கு இரைச்சலாக விலை கொடுக்க நேரிடும்.

இரண்டாவது, ஹெட்போன் போடாமல் ஸ்பீக்கரில் கேட்டு வாசிப்பது. ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் புகுந்து, ஏற்கெனவே நேரடியாக மிக்ஸருக்குப் போன அதே சத்தத்தோடு ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு தாமதமாக மோதும். ஒரு மில்லிசெகண்ட் தாமதம் என்றால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். டிரம்பெட்டின் பளபளப்பு இருக்கும் பகுதியே அதுதான். சளி பிடித்தவன் மூக்கால் வாசிப்பது போல ஆகிவிடும்.

மூன்றாவது சுருதி. இரண்டாவது தடவை வாசிக்கும்போது வாத்தியம் சூடேறியிருக்கும். குழாய்க்குள் காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (அரைச் சுரம் என்பது 100 சென்ட்). ஐந்து டிகிரி ஏறினாலே 15 சென்ட், காதுக்குத் தெரியும். பி பிளாட் டிரம்பெட்டின் குழாய் விரித்தால் 148 செ.மீ. வரும், சுருதி ஸ்லைடை 7 மி.மீ. இழுத்தால் போக வர இரண்டு பக்கமும் நீண்டு 16 சென்ட் இறங்கும். ஒரு மணி நேரம் கழித்து வாசிப்பவர் இதைச் சரிபார்க்காவிட்டால் இரண்டு டிரம்பெட்டும் முறைத்துக்கொண்டு நிற்கும்.

ஆனால் முற்றிலும் சரியாகவும் வந்துவிடக் கூடாது! ஒரே வாசிப்பைப் பிரதி எடுத்து அதன் மேலேயே ஒட்டினால் சத்தம் கூடுமே தவிர இரண்டு பேர் என்று காது ஏமாறாது. புதிதாக வாசித்தால்தான் ஒவ்வொரு சுரமும் 20, 30 மில்லிசெகண்ட் முன்பின்னாக விழும். சுருதியும் நாலைந்து சென்ட் நகர்ந்திருக்கும். 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் 6 சென்ட் வித்தியாசம் நொடிக்கு ஒன்றரை அலைவைத் தரும். அந்த மெல்லிய நடுக்கம்தான் ‘கூட்டம்’ என்ற உணர்வு. இரட்டை நாயனம் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. இரண்டு நாயனமும் ஒரே சுரத்தைப் பிடித்தாலும் இம்மி விலகி நிற்பதால்தான் மண்டபம் நிறைகிறது. ஆல்பர்ட் அந்த விலகலைத் துடைக்கவில்லை. திஹுவானா பிராஸ் சத்தம் என்று பிறகு உலகம் அடையாளம் கண்டது அதைத்தான்; மெக்சிகோவுக்கு அதில் பங்கு பாதிக்கும் கீழே என்பது என் கணக்கு.

இன்று போனில் செய்து பார்க்க நாலு டிராக் போதும். முதல் டிராக்கைப் பார்க்காமல், கேட்டு மட்டும் வாசியுங்கள். திரையில் அலை வடிவத்தைப் பார்த்து நகர்த்தி ஒட்ட வைத்தால் தீர்ந்தது கதை.

நாள் 3, ஞாயிறு: திஹுவானா

லாஸ் ஏஞ்சலிஸ் யூனியன் ஸ்டேஷனிலிருந்து பசிபிக் சர்ஃப்லைனர் ரயில் சான் டியேகோவுக்கு மூன்று மணி நேரம். கடல் பார்க்க வலப்பக்க ஜன்னல். அங்கிருந்து டிராலி புளூ லைனின் கடைசி நிலையம் சான் இசித்ரோ. இறங்கி நடந்தால் மெக்சிகோ.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் சுற்றுலாவுக்கு மெக்சிகோ விசா தனியாக வேண்டாம். ஆனால் அந்த அமெரிக்க விசா மல்டிபிள் என்ட்ரியா என்று போவதற்கு முன் பாருங்கள். சிங்கிள் என்ட்ரியில் வந்தவர் வெளியே போவது சுலபம், திரும்புவது பெரும்பாடு. நடந்து எல்லை தாண்டும்போது அவசரத்தில் நுழைவு முத்திரை வாங்காமல் கூட்டத்தோடு போய்விடவும் கூடாது. நாளை விமான நிலையத்தில் அந்த முத்திரையைக் கேட்பார்கள். ஞாயிறு மாலை அமெரிக்காவுக்குத் திரும்பும் நடை வரிசை இரண்டு, மூன்று மணி நேரம் இழுக்கும். அதனால்தான் ஞாயிறன்று போகிறோம், திரும்பவில்லை.

1960களில் கலிபோர்னியாக்காரர்கள் இதே ஞாயிற்றுக்கிழமையில்தான் வருவார்கள், காளைச் சண்டை பார்க்க. அப்போது ஊரில் இரண்டு அரங்கம். ஊருக்குள் அகுவா காலியென்தே புலவாரில் 1938இல் திறந்த ‘எல் தொரேயோ’. கடலோரம் 1960இல் திறந்த ‘பிளாசா மோனுமென்தால்’. முதலாவதை 2007இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது அரங்கத்தின் சுவடு எதுவும் இல்லை. டாக்சிக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

அரங்கத்தில் ஆல்பர்ட்டைப் பிடித்தது சண்டையைவிடச் சத்தம்: ஒவ்வொரு கட்டத்தையும் அறிவிக்கும் பித்தளை முழக்கமும், கூட்டத்தின் ‘ஓலே’வும். அந்த முழக்கம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் தட்டின் தொடக்கம் புரியும். ஒரு நாளைக்கு ஆறு காளை, மூன்று வீரர். ஒவ்வொரு காளைக்கும் மூன்று கட்டம்: குதிரை மேலிருந்து ஈட்டி, பிறகு அம்பு போன்ற பாந்தெரியாக்கள், பிறகு கொலை. கட்டம் மாற வேண்டும் என்று நடுவர் கைக்குட்டை காட்டுவார். உடனே கிளாரின் என்ற ஊதுகொம்பும் தாளமும் சைகை கொடுக்கும். கிளாரினில் வால்வு இல்லை. உதட்டை இறுக்கித் தளர்த்திக் குழாயின் இயற்கைச் சுரங்களை மட்டும் எடுக்கலாம். ச, க, ப போலத் தாவித் தாவித்தான் போகும், படிப்படியாக ஏறாது. இராணுவக் கொம்பு போன்ற அந்தக் கம்பீரம் வால்வு இல்லாததால் வருவது. தட்டின் முதல் சில நொடியில் கூட்டத்தின் இரைச்சலுக்குமேல் எழும் முழக்கம் இதன் வாரிசு.

சண்டையின் இடையே வாசிக்கும் குழு பித்தளையும் கிளாரினெட்டும் தாளமும் கொண்ட பேண்டு. வாசிப்பது பாசோ தொப்ளே, இரண்டு எண்ணிக்கை நடை. அதில் கிதாரோனும் கிடையாது, விஹுவேலாவும் கிடையாது. ‘மரியாச்சி பாணி’ என்று எல்லாரும் சொல்லும் தட்டின் முதுகெலும்பு மரியாச்சியிலிருந்து வரவில்லை, காளை அரங்கப் பேண்டிலிருந்து வந்தது.

வீடு திரும்பிய ஆல்பர்ட், கிடப்பிலிருந்த ‘ட்விங்கிள் ஸ்டா’ரின் டிரம்பெட்டை அந்தப் பாணிக்குத் திருப்பினார். அரங்கக் கூட்டத்தின் சத்தத்தைக் கலந்தார். பெயரை மாற்றினார். தட்டில் அடைப்புக்குறிக்குள் ‘எல் சோலோ தோரோ’ என்று ஸ்பானிய மொழியிலும் போட்டார்கள். அதுவும் அரைகுறை ஸ்பானியம்தான்: ‘சோலோ’வைப் பெயருக்கு முன்னால் போட்டதால் தனிமையில் வாடும் காளை என்ற பொருள் நழுவி ‘ஒரே ஒரு காளை’ என்றாகிறது. மறுபக்கத்தில் ‘அகாபுல்கோ 1922’. தட்டின் எண் ஏ அண்ட் எம் 703.

சாயங்காலம் அவெனிதா ரெவொலுசியோன் தெருவுக்குப் போங்கள். வரிக்குதிரை போலக் கோடு வரைந்த கழுதைகள் படம் பிடிக்க நிற்கும். சீசர் சாலட் 1920களில் பிறந்த உணவகம் இந்தத் தெருவில்தான். தெருவின் வடகோடியில் பெரிய வளைவு. அதன் அருகிலிருந்து சாய்வாகப் போகும் நடைபாதை பிளாசா சாந்தா செசீலியா. செசீலியா இசைக்காரர்களின் காவல் புனிதை. மரியாச்சிகளும் நோர்தேன்யோ கோஷ்டிகளும் இங்கே வாடிக்கைக்குக் காத்திருப்பார்கள். அக்கார்டியனும் பாஹோ செக்ஸ்தோ என்ற பன்னிரண்டு தந்திக் கிதாரும் கொண்ட நோர்தேன்யோதான் இந்த வடக்குச் சீமையின் சொந்த இசை. மரியாச்சியின் ஹலிஸ்கோ இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 1,900 கி.மீ. சென்னையில் உட்கார்ந்து ‘இந்திய இசை’ என்று பாங்க்ராவைக் கேட்பது மாதிரி.

மேசைக்கு வரும் கோஷ்டியிடம் கேட்க வேண்டிய வார்த்தை இரண்டு: ‘போர் கான்சியோன்’, ஒரு பாட்டுக்கு, ‘போர் ஓரா’, ஒரு மணிக்கு. விலை பேசாமல் தலையாட்டிவிட்டால் இரண்டாவது பாட்டு உங்களைக் கேட்காமலே ஆரம்பமாகும். பெசோவா டாலரா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே குறிதான் போடுவார்கள்.

நாள் 4, திங்கள்: பிளாயாஸ்

நகர மையத்திலிருந்து கடற்கரைக்கு ஆப் டாக்சியில் இருபது நிமிடம். பிளாசா மோனுமென்தால் இருபதாயிரம் பேருக்குமேல் உட்காரக்கூடிய வட்டம். அதற்குப் பக்கத்திலேயே எல்லை வேலி மணலில் இறங்கிக் கடலுக்குள் போய் முடிகிறது. அரங்கத்தின் வெளிச் சுவரைச் சுற்றி நடந்துவிட்டுக் கடலைப் பார்க்கலாம், அவ்வளவுதான். மெக்சிகோவில் காளைச் சண்டைக்கு எதிர்ப்பு வலுத்துவிட்டது. தலைநகரிலேயே 2025 மார்ச்சில், காளையைக் குத்திக் கொல்லக் கூடாது என்று சட்டம் போட்டார்கள்.

அலை அருகில் உட்கார்ந்து தட்டை ஒரு தடவை ஒழுங்காகக் கேட்க இது நல்ல இடம். ஸ்டீரியோ வேண்டாம், மோனோ பதிப்பு கிடைத்தால் ஒற்றை ஸ்பீக்கரில் கேளுங்கள். 1962இல் அதைக் கேட்டவர்கள் ஏஎம் ரேடியோவில், கார் டாஷ்போர்டுக்குள் இருந்த ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டார்கள். அந்தச் சாதனத்தில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் வராது, அடிச்சுரமும் பாதிதான். டிரம்பெட்டின் வலு 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸுக்குள் என்பதால் அதற்கு நஷ்டமே இல்லை. வயலின் வரிசை இருந்திருந்தால் அங்கே கரைந்துபோயிருக்கும். காலால் தட்டிப் பாருங்கள்: மெதுவாக, நாலு நாலாக, நேராகப் போகும். வார்த்தையில்லாமல் பெண் குரல்கள் பின்னால் வந்து போகும். அது ஹாலிவுட் ஸ்டூடியோப் பழக்கம், திஹுவானாவில் யாரும் அப்படிப் பாடுவதில்லை.

தட்டு வெளிவந்தபின் ஆல்பர்ட்டுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பெண் கடிதம் எழுதினார்: இருந்த இடத்திலிருந்தே திஹுவானாவுக்குப் போய்வந்தது போல இருந்தது, நன்றி என்று. பாடல் வரி இல்லாத இசை கண்ணுக்குள் ஓர் இடத்தைக் காட்ட வேண்டும் என்று அப்போதுதான் பிடிபட்டதாக ஆல்பர்ட் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கூட்டச் சத்தத்தை எடுத்துவிட்டு அதே மெட்டைக் கேட்டால் நல்ல மெட்டு, அவ்வளவே. முதல் ஐந்து நொடி ‘ஓலே’ கேட்டவனுக்கு வெயிலும் புழுதியும் தெரிந்துவிடுகிறது.

குழுவின் பெயரை நம்பிக் கச்சேரிக்கு அழைப்பு வரத் தொடங்கியபின், 1960களின் நடுவில்தான் ஆல்பர்ட் நிஜமாகவே ஒரு திஹுவானா பிராஸைச் சேர்த்தார். கிதாரில் ஜான் பிசானோ, டிரம்ஸில் நிக் செரோலி, இரண்டாவது டிரம்பெட்டில் டோனி கலாஷ். மெக்சிகோக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. ஆல்பர்ட்டே இந்தக் கலவைக்கு ‘அமெரியாச்சி’ என்று பெயர் வைத்தார். அந்த நேர்மை பிடிக்கிறது. மெட்டெழுதிய சோல் லேக்கின் இன்னொரு மெட்டு ‘மெக்சிகன் ஷஃபிள்’ சூயிங்கம் விளம்பரத்துக்குப் போனது. ‘பிட்டர்ஸ்வீட் சாம்பா’ ஜப்பானின் நள்ளிரவு ரேடியோ நிகழ்ச்சிக்கு முகப்பிசையாகி இன்றுவரை ஓடுகிறது. மரியாச்சி என்று நினைத்து எத்தனை நாட்டுக்காரர்கள் கேட்டிருப்பார்கள்!

மாலை விமானம். திஹுவானா நகரிலிருந்து போகிறவர்கள் நேராக விமான நிலைய வாசலுக்கே போகலாம். சான் டியேகோ பக்கமிருந்து வருகிறவர்களுக்குத்தான் எல்லைக்கு மேலே போட்ட சிபிஎக்ஸ் பாலம். அதற்குத் தனிச் சீட்டும் போர்டிங் பாஸும் வேண்டும். குவாதலஹாராவில் கடிகாரம் கோடையில் ஒரு மணியும் குளிர்காலத்தில் இரண்டு மணியும் முன்னால் ஓடும். மெக்சிகோவின் பெரும்பகுதி 2022இல் கோடைக்கால நேரமாற்றத்தைக் கைவிட்டது, திஹுவானா போன்ற எல்லையோர ஊர்கள் அமெரிக்காவோடு சேர்ந்து மாறுகின்றன. இறங்கியதும் ஹோட்டலுக்குச் சொன்ன நேரத்தை ஒருமுறை சரிபாருங்கள்.

நாள் 5, செவ்வாய்: த்லாகேபாகே, குவாதலஹாரா

நகரிலிருந்து இலகு ரயில் 3ஆம் தடத்தில் த்லாகேபாகே சென்ட்ரோ. அங்கே எல் பாரியான்: 1878இல் கட்டிய சதுர முற்றம், சுற்றிலும் உணவகங்கள், நடுவில் மண்டபம். பிற்பகலில் மரியாச்சி தொடங்கும். டிரம்பெட்டுக்கு நேர் எதிரே உட்காராதீர்கள். பக்கவாட்டில், கிதாரோன்காரரின் வலக்கை தெரியும்படி இடம் பிடியுங்கள்.

அந்தக் கை பார்க்க வேண்டிய ஒன்று. கிதாரோன் வயிறு புடைத்த பெரிய கிதார். ஆறு தந்தி, கழுத்துக் கட்டையில் சுரம் பிரிக்கும் பட்டையே (ஃப்ரெட்) கிடையாது. வலக்கை விரல்கள் தந்தியை உரசிப் போவதில்லை. கட்டைவிரல் ஒரு தடித்த தந்தியையும், மற்ற விரல் தள்ளியிருக்கும் இன்னொன்றையும் ஒரே நேரத்தில் பிடித்து வெளியே இழுத்துவிடுகின்றன. இரண்டும் ஒரே சுரம், ஒன்று கீழ் ஸ்தாயி, ஒன்று மேல் ஸ்தாயி. சுருதி வைக்கும் முறையே அதற்காகத்தான்: ஏ, டி, ஜி, சி, இ வரை ஏறிக்கொண்டே போய், கடைசித் தந்தி மட்டும் மேலே போகாமல் கீழே குதித்து, முதல் ஏவுக்கு ஒரு ஸ்தாயி மேலான ஏவில் நிற்கும். இழுத்து இழுத்து மாலையில் விரல் நுனி தோல் கழன்றிருக்கும். மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் இல்லாமல் முற்றத்தின் மறுகோடிக்குக் கேட்பது இந்த இரட்டைச் சுரத்தால்தான். ஐந்து தந்தி விஹுவேலா அதன்மேல் கீறிக்கொண்டே போகும்.

டிரம்பெட்டைக் கவனியுங்கள்: இரண்டு பேர், ஒரே ராகத்தை மூன்றாம் இடைவெளியில் (ச, க போல) ஜோடியாக, ஒருவர் சத்தத்தில் ஒருவர் ஒளிந்துகொண்டு வாசிப்பார்கள். இது பழைய வழக்கம் என்று தோன்றும். நூறு வருஷம்கூட ஆகவில்லை. ஹலிஸ்கோவின் தெக்கலித்லான் ஊரில் 1890களின் கடைசியில் காஸ்பார் வார்காஸ் தொடங்கிய மரியாச்சி வார்காஸில் டிரம்பெட் கிடையாது. குழு 1934இல் மெக்சிகோ நகருக்குப் போனது. ரேடியோவில் டிரம்பெட் எடுபட்டது. 1940இல் மிகேல் மார்தினெஸ் வார்காஸில் சேர்ந்து மரியாச்சி டிரம்பெட்டின் பாணியையே உருவாக்கினார். ஒன்று இரண்டாகி நிலைத்தது 1950களில். ஆல்பர்ட் ஷெட்டில் உட்கார்ந்து அடுக்கிய ஜோடி டிரம்பெட் இங்கே சுமார் பத்து வருஷம்தான் மூத்தது. ஆல்பர்ட்டின் இரண்டு டிரம்பெட்டுக்கும் ஒரே உதடு, ஒரே மூச்சு. இங்கே இரண்டு உதடு, ஒருவர் அதிர்வை வேகமாக விடுவார், இன்னொருவர் நேராகப் பிடிப்பார். கேட்டுப் பழகினால் தனித்தனியாகத் தெரியும்.

‘சோன் தே லா நெக்ரா’ கேளுங்கள். எந்தக் கோஷ்டிக்கும் தெரியும். ஆறு எண்ணிக்கையை விஹுவேலா ஒரு சமயம் இரண்டு மூன்றாகவும் ஒரு சமயம் மூன்று இரண்டாகவும் வெட்டும். கை தட்ட ஆரம்பித்தவர்கள் நாலாவது வரியில் தவறுவார்கள். நம் ஆட்களுக்குத் திஸ்ர நடை தெரியும் என்ற தைரியம் கொஞ்ச நேரம் உதவும்; கிதாரோன் முதல் தட்டை விட்டுவிட்டு அடுத்ததில் இழுக்கும்போது அதுவும் போய்விடும். தட்டவே வேண்டாம், கிதாரோன்காரரின் கட்டைவிரலைப் பாருங்கள், அது வெளியே வரும்போது தலையாட்டினால் போதும்.

இன்னொரு நாள் கையிலிருந்தால் கொகூலா, குவாதலஹாராவிலிருந்து தென்மேற்கே சுமார் 60 கி.மீ. மரியாச்சியின் தொட்டில் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். நம் கோகுலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தெக்கலித்லான்காரர்கள் இந்தத் தொட்டில் கதையை ஒப்புக்கொள்வதில்லை.

எல் பாரியானில் ‘தி லோன்லி புல்’ வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால் பலன் இருக்காது. முதல் இரண்டு வரியை முனகிக் காட்டினால் டிரம்பெட்காரர் பிடித்துக்கொள்வார், மற்றவர் மூன்றாம் இடைவெளியில் சேர்ந்துகொள்வார். ஒரு பாட்டுக் காசு. கிதாரோன்காரர் நாலு நாலாக நேராகப் போக மாட்டார்.